எலும்புக்கு வயது பதினொன்று

பிப்ரவரி 9

அக்கா,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன் ஒரு தடவையாவது படித்துத்தானே ஆக வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். வாலுவுக்கு எட்டு வயது. அவள் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர் எலும்புக்கு வயது பதினொன்று என்கிறார். உன் மகளுடைய உடம்பு அவளை விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருக்கிறது, மாதம் ஓர் ஊசி போட்டு அதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம் என்கிறார். போடலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டாய். "உனக்கு எத்தனை வயசுல ஆரம்பிச்சுது?" என்று நான் திருப்பிக் கேட்டேன். எந்த டாக்டரும் முதலில் கேட்கிற கேள்விதான் அது. நீ ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாய், அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் 'புழு வளர்க்கிறான்' என்று சொல்லி முடித்துவிடுகிறாய். இந்த ஒரு தடவை முழுக்கக் கேள். இந்த உருளைப் புழு ஒரு மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி மாதிரி உள்ளே எல்லாம் தெரியும். முட்டையிலிருந்து வந்து நாலு முறை தோலுரித்துப் பெரிதாகும். எந்தக் கட்டத்தில் எந்தத் திசு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையைச் சில ஜீன்கள் கையில் வைத்திருக்கின்றன. முதல் கட்டத்துக்கான ஜீன் சத்தம் போட்டுக்கொண்டே இருக்கும். குட்டி ஆர்.என்.ஏ. ஒன்று வந்து அதன் வாயை மூடும். உடனே இரண்டாம் கட்டம். வாயை மூட ஆள் வராவிட்டால் புழு முதல் கட்டத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கும். சத்தம் போடுகிற ஜீனே பழுதானால் ஒரு கட்டத்தைச் செய்யாமலே தாண்டிவிடும். வேடிக்கை என்னவென்றால், உடம்பு மொத்தமும் சேர்ந்து தாண்டாது. தோல் முந்திப் போய்விடும், சினைப்பை தன் வேகத்தில் வரும். ஒரே புழுவுக்குள் இரண்டு வயது.

இந்த மாதிரி ஜீன்களில் ஒன்றுக்கு மனிதரிலும் சொந்தம் உண்டு. பெண்பிள்ளைகளின் உடம்பு எப்போது வளர்ந்தவர்களின் உடம்பாக மாறத் தொடங்குகிறது என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது. சின்னப் பங்குதான். அதனால்தான் கேட்டேன். உனக்கும் சீக்கிரம்தான் என்று அம்மா ஒரு தடவை யாரிடமோ சொன்னது ஞாபகம். அம்மா இருந்திருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன், உன் வாயைக் கிளறியிருக்க மாட்டேன்.

அப்படியானால் இது நம் வம்ச வாகு. நோய் இல்லை. உனக்கு யாரும் ஊசி போடவில்லை. என்ன ஆகிவிட்டது? கல்யாணம், குழந்தை, கடையில் வேலை, நீ நன்றாகத்தானே இருக்கிறாய்? நீயே சாட்சி. ஊசி வேண்டாம் என்பது என் முடிவு.

இங்கே என் அறை ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் கழிவுக் குழாய்கள் தெரிகின்றன. இந்தக் கட்டடத்தில் இன்னும் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. பதில் போடு. திட்டியாவது.

தம்பி

பிப்ரவரி 21

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் தேவலை. உன் அத்தான் எடுத்துப் படித்துவிட்டார். 'நீயே சாட்சி' என்ற இடத்தை எனக்கே சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"பாரு, இவ்ளோ படிச்சவன், அவனே வேணாங்கறான். நீ என்னத்துக்குப் பதறுற?"

இத்தனை நாளாக உன்னைப் புழு டாக்டர் என்று கிண்டல் செய்தவருக்கு நீ இப்போது பெரிய டாக்டர் ஆகிவிட்டாய். "அவன் புழுவத்தான பாக்கறான், பிள்ளையையா பாக்கறான்?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான்னு அவனே எழுதியிருக்கான்" என்கிறார். நீ அப்படி எழுதவில்லை. ஆனால் அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கிறது.

உனக்கு அவளைப் போனில்தான் தெரியும். நான் சொல்கிறேன், கேள். பள்ளியில் அவளைக் கடைசி பெஞ்சில் போட்டிருக்கிறார்கள், முன்னால் உட்கார்ந்தால் மறைக்கிறாளாம். சாப்பாட்டு நேரத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டப்பா திறந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. ஓடிப்பிடித்து விளையாடப் போனால் அவள் வகுப்புப் பிள்ளைகள் "நீ பெரியவ, சும்மா பிடிச்சிருவ" என்று சேர்ப்பதில்லை. பெரிய வகுப்புப் பெண்களிடம் போனால் "பேச்சப் பாரு, பாப்பா மாதிரி" என்று விரட்டுகிறார்கள். நடுவில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் நிற்கிறாளாம். வாட்ச்மேன் சொன்னார். வீட்டில் இன்னும் விரல் சூப்பிக்கொண்டுதான் தூங்குகிறாள்.

ஹார்மோன் டாக்டரம்மாவிடம் திரும்பப் போனேன், தனியாக. ஆரம்பிப்பதானால் இப்போதே ஆரம்பிக்க வேண்டும், எலும்பு வளர்வதை நிறுத்தி மூடிக்கொண்டபின் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். அப்பா அம்மா இருவரும் சம்மதித்தால்தான் போடுவார். உன் அத்தான் தலையை ஆட்ட மாட்டேன் என்கிறார். இவ்வளவுக்கும் அவர் கெட்டவர் இல்லை, உனக்கே தெரியும். பயம். பிள்ளை உடம்பில் ஊசி என்றாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். பயத்துக்கு ஒரு படிப்பு கிடைத்துவிட்டது, உன் தயவில்.

நீ அவருக்கு எழுது. 'நான் சொன்னது தப்பு' என்று எழுது.

எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் எழுத இப்போது மனசில்லை. கடையில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் குவிந்து கிடக்கிறது. லென்ஸ் தேய்க்கிற மெஷினில் உட்கார்ந்தால் யாரிடமும் பேச வேண்டியதில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

அக்கா

மார்ச் 4

அக்கா,

எனக்கே தப்பு என்று தோன்றாததை நான் எப்படித் தப்பு என்று எழுதிக் கொடுப்பது? ஆதாரம் கொடு, மாற்றிக்கொள்கிறேன். வாலுவை ஆட்டத்தில் சேர்க்கவில்லை என்பது வருத்தம்தான். ஆனால் அதற்காக ஹார்மோன் ஊசி போட மாட்டார்கள். என்னையும்தான் யாரும் சேர்த்ததில்லை. வருகிற பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் நான். அதற்கு ஊசி கிடையாது.

எனக்கும் இங்கே நாள் சரியில்லை. எங்களிடம் புதிதாக ஒரு வகைப் புழு வந்திருக்கிறது. எங்கோ ஒரு ஜீன் கெட்டிருக்கிறது, வளர்ச்சியில் ஏதாவது மாற்றம் உண்டா என்று பார்ப்பது என் வேலை. வளர்ந்த புழுவின் பக்கவாட்டில் தண்டவாளம் போலக் கோடுகள் விழும். வளர்ந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வளர்ந்த புழுக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் கோடு இருந்தது. 'சாதாரணப் புழுவைப் போலவே இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியை எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"கடைசியில மட்டுந்தான் பார்த்தியா?"

"ஆமா."

"நடுவுல?"

"நடுவுல எதுக்கு? கடைசியில சரியா இருக்கே."

அவர் சிரிக்கவில்லை. "கோடு இருக்குன்னு சொல்றதுக்கு நீ எதுக்கு? கோடு எப்ப வந்துச்சுன்னு சொல்லு. போய்த் தையல் செல்ல எண்ணிட்டு வா."

தையல் செல்கள் என்பது தோலோடு இரண்டு பக்கமும் தலையிலிருந்து வால்வரை ஓடுகிற ஒரு வரிசை. சட்டையின் பக்கத் தையல் போல இருக்கும், அதனால் அந்தப் பெயர். இரண்டாம் கட்டத்தில் அந்த வரிசை பெருக வேண்டும். பக்கத்துக்குப் பத்தாக இருப்பது பதினாறாகும். என் புழுவில் பத்தோடு நின்றிருந்தது. கோடும் ஒரு கட்டம் முன்னதாகவே விழுந்திருந்தது. இது இரண்டாம் கட்டத்தைச் செய்யாமலே தாண்டியிருக்கிறது. அந்தக் கட்டத்தில் பிறந்திருக்க வேண்டிய ஆறும் பிறக்கவே இல்லை. பிறகு அது எவ்வளவு பெரிதானாலும், எத்தனை முட்டை போட்டாலும், அந்த ஆறு கடைசிவரை கிடையாது. மேலோட்டமாகப் பார்த்தால் எதுவும் தெரியாது. என் குளிர்காலம் குப்பைக் கூடையில்.

சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச ஆள் இல்லை. திங்கள் காலை வாசல் காவலாளி வணக்கம் சொன்னபோது தொண்டையில் சத்தமே வரவில்லை, இருமிச் சமாளித்தேன். அவர் பாவம், எனக்குச் சளி என்று நினைத்து இரண்டடி தள்ளி நின்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு என்ன ஆயிற்று என்று நீயே சொல்லாவிட்டால் நான் என்ன செய்ய? என் கண்ணுக்கு நீ நன்றாகத்தான் தெரிகிறாய். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ இப்படியேதான் இருக்கிறாய்.

தம்பி

மார்ச் 16

தம்பி,

நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படியேதான் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு நினைவு தெரிந்தபோது எனக்குப் பதிமூன்று வயது.

எனக்கும் எட்டில்தான் ஆரம்பித்தது. இப்போது உனக்குப் போதுமா?

நீ பிறந்தபோது எனக்குப் பத்து. பார்க்கிறவர்கள் பதினைந்து என்பார்கள். அம்மாவுக்கு மாலை ஷிஃப்ட். உனக்கு மூன்று மாதம் ஆனதும் வேலைக்குத் திரும்ப வேண்டும், சாயங்காலம் உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினாள். எதிர் வீட்டு அம்மாள்தான் சொன்னாள். "ஆளு எதுக்கு? வளர்ந்த பொண்ணு வீட்டுல நிக்குதே." வளர்ந்த பெண் யார் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

அதற்கப்புறம் நான் பள்ளியிலிருந்து வந்து பையை இறக்குவதற்குள் உன்னை என் இடுப்பில் ஏற்றிவிட்டு அம்மா செருப்பு மாட்டுவாள். பால் கலக்குவது, துணி அலசுவது, எல்லாம் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால் யாரும் சொல்லித் தரவில்லை, இவ்வளவு பெரியவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டார்கள், அப்படித்தான் வந்தது. வீட்டில் சண்டை என்றால் அம்மா வந்து அப்பாவைப் பற்றி என்னிடம் சொல்வாள். அப்பா வந்து அம்மாவைப் பற்றி என்னிடம் சொல்வார். நான் "ம்" கொட்டுவேன். எனக்குப் பாதி புரியாது. தெருவில் நடந்தபோது என் காதில் என்னவெல்லாம் விழுந்தது என்று உனக்கு எழுத மாட்டேன்.

ஒரு நாள் கீழே பிள்ளைகள் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார்கள். உன்னைத் துணிக் கூடையில் உட்கார வைத்து, கூடையைப் படியோரம் வைத்துவிட்டு, நானும் கயிற்றுக்குள் போனேன். நன்றாகத் தாண்டுவேன் நான். நீ கூடையோடு சாய்ந்தாய். உன் புருவத்தில் இருக்கிற வெட்டு அன்றைக்கு விழுந்தது. அப்பா வந்து பார்த்துவிட்டு, "எருமை மாதிரி வளர்ந்திருக்க, கயிறு கேக்குதா உனக்கு?" என்றார். அடிக்கவெல்லாம் இல்லை. அதற்குப் பிறகு நான் கீழே போகவில்லை.

நீ அதைக் கதையாகச் சொல்வாய். என் கல்யாணத்தில்கூட அத்தான் வீட்டாரிடம் புருவத்தைக் காட்டி, "எங்க அக்கா வளர்த்த லட்சணம் பாருங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அக்காவுக்கு அப்போது என்ன வயது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை.

வகுப்பிலேயே உயரமாக இருந்தவள் பன்னிரண்டில் வளராமல் நின்றுவிட்டேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டிப் போனார்கள். இப்போது கடையில் மேல் தட்டிலிருந்து பிரேம் எடுக்க எனக்கு முக்காலி வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, "பெரியவங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பெரியவள், இன்றைக்குச் சின்னவள். என்னுடைய வயதில் என்னை யாரும் பார்த்ததே இல்லை.

பட்டம் வாங்கிய அன்று உன் சிநேகிதர்களிடம் என்னைக் காட்டி, "அக்கா எனக்கு இன்னொரு அம்மா" என்றாய். பெருமையாகத்தான் சொன்னாய். உன்னை எனக்குப் பிடிக்காமல் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் பத்து வயதில் யாருக்கும் அம்மாவாக இருக்க எனக்கு ஆசை இருந்ததில்லை.

ஆதாரம் கேட்டாயே. உனக்கு எண்ணத் தெரியும் என்பதால் எழுதினேன். அத்தானுக்கு இதையெல்லாம் சொன்னதில்லை. நீயும் சொல்லாதே. நீ எழுத வேண்டியதை மட்டும் எழுது.

அக்கா

மார்ச் 29

அக்கா,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எனக்கு இந்த மாதிரிக் கடிதம் எழுத வராது.

அத்தானுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். என்ன எழுதினேன் என்று நீயும் பார்த்துக்கொள்:

'அத்தான், நான் டாக்டர் இல்லை. புழுவை வைத்து வாலுவைப் பற்றிச் சொல்ல எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. அக்காவைச் சாட்சி என்று எழுதினேன். அக்கா இன்றைக்கு எப்படி இருக்கிறாள் என்பதை மட்டும் பார்த்து எழுதியது அது. அது தப்பு. ஊசி பிள்ளையின் வளர்ச்சியை அழிப்பதில்லை, தள்ளித்தான் வைக்கிறது, நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று படித்தேன், கேட்டும் பார்த்தேன். உங்கள் பயத்தை டாக்டரம்மாவிடமே நேரில் கேளுங்கள், அவருக்குக் கோபம் வராது. வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் நீங்களாக எடுங்கள். என் பெயரைச் சொல்லி எடுக்காதீர்கள்.'

உன்னைப் பற்றி வேறு எதுவும் எழுதவில்லை.

பக்கத்து மேஜைக்காரருக்கு ஒரு மகள். பள்ளி விடுமுறை என்று நேற்று லேபுக்குக் கூட்டி வந்திருந்தார். என்ன வயது என்று கேட்டேன். பத்து என்றார். அவள் சுழல் நாற்காலியில் ஏறி, சுவரைக் காலால் உந்தி, சுற்றிச் சுற்றி, தலை கிறுகிறுத்துக் கீழே விழுந்து, சிரித்து, மறுபடி ஏறினாள். அப்பா அதட்டினார். கொஞ்ச நேரம் நின்றது, திரும்ப உந்தும் சத்தம். நான் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் கையில் மூன்று மாதக் குழந்தையைக் கொடுத்தால் எப்படிப் பிடிப்பாள் என்று யோசித்தேன். கை எவ்வளவு சின்னது. அவர் என்ன நினைத்தாரோ, "தொந்தரவா இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் எதுவும் தெரியவில்லை.

வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. விடுப்பு கேட்டேன், இந்த மாதம் இல்லை என்றார்கள். வந்தாலும் உன்னிடம் என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. எப்போதும் நீ கேட்பாய், நான் சொல்வேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, காய்ச்சல் விட்டதா. நான் உன்னிடம் எதையாவது கேட்டிருக்கிறேனா என்று நினைத்துப் பார்த்தேன். போன மாதம் போனில் கேட்ட கேள்விதான் ஞாபகத்துக்கு வருகிறது.

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன் அத்தான் அதைப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சட்டை மாற்றியபோது அதையும் பை மாற்றிக்கொண்டார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த டாக்டரம்மா எப்ப இருப்பாங்க?" என்றார். கூடப் போனோம். எத்தனையோ கேள்வி கேட்டார் மனுஷன். ஊசி எங்கே போடுவீர்கள், எவ்வளவு நீளம், தூக்கம் வருமா, பின்னால் ஒன்றும் ஆகாதே என்று. டாக்டரம்மாவும் சலிக்காமல் சொன்னார். கடைசியில் உன் அத்தான் என் பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் ஒரு டாக்டர் முன்னால் வைத்து அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. "போடணும்" என்றேன். "எதுக்குன்னு சொல்லு" என்றார். "அவ இன்னும் கொஞ்ச நாள் சின்னவளா இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை போட்டார்கள்.

உள்ளே போகிறவரை குதித்துக்கொண்டுதான் வந்தாள். ஊசியைப் பார்த்ததும் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அங்கே சின்னச் சின்னப் பிள்ளைகள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் நல்ல பெண்தான், எல்லாப் பிள்ளையிடமும் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். "என்ன இது, இவ்ளோ பெரிய பொண்ணு, அழலாமா? பாப்பாங்கல்லாம் உன்னையே பார்க்குது பாரு" என்றாள். வாலு டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். உதடு நடுங்குகிறது, சத்தம் இல்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் சொன்னார்.

"அவளுக்கு எட்டு வயசு சிஸ்டர். அழட்டும்."

அழுதாள். கட்டடமே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். ஊசி போட்டு, பஞ்சு வைத்து, வெளியே வந்தும் நிறுத்தவில்லை. படி இறங்கும் இடத்தில் நின்று, "தூக்கு" என்று அவரிடம் கையை நீட்டினாள். அவள் என் தோளுக்கு வருகிறாள். அவருக்கு முதுகு சரியில்லை என்று உனக்குத் தெரியும். "வேணாங்க" என்றேன். தூக்கிவிட்டார். அவள் கால் இரண்டும் அவர் முழங்காலுக்குத் தொங்கின. எதிரே ஏறி வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள், ஓர் அம்மாள் வாய்விட்டே சிரித்தாள். அவர் யாரையும் கண்டுகொள்ளாமல் ஒவ்வொரு படியாக இறங்கினார்.

நான் பின்னால் அவள் செருப்பையும் இரண்டு பையையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் தோளுக்கு மேலாக அவள் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூக்கை அவர் சட்டையில் துடைத்துவிட்டு, "நீயும் வேணும்னா அழுதுக்கோம்மா" என்றாள்.

மதியம் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வீட்டில் சத்தமே இல்லை. அவள் அழச் சொன்னாளே என்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன்.

வரவில்லை.

அக்கா